ஃப்ளோரன்ஸ் அக்கா சீட்டைக் கவிழ்க்க மாட்டார்

ஃப்ளோரன்ஸ் அக்கா தனக்கு விழுந்த மூன்று சீட்டுகளையும் ஒருமுறை பார்த்தார். அவற்றைத் தரையில் குப்புற வைத்து, மேலே தையல் கத்தரியை வைத்தார். பிறகு நான்கு கோட்டுப் பொத்தான்களை நடுவே தள்ளிவிட்டு நீளமாகக் கொட்டாவி விட்டார்.

"இன்னாமே முழிக்கிற? வைக்கிறியா, கவுக்கிறியா?"

ஹெப்சிபா தன் சீட்டுகளை மூன்றாவது தடவையாக விரித்துப் பார்த்தார். இரண்டு ராஜாக்கள் இருந்தார்கள். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. ஆனாலும் பெருமூச்சு விட்டுச் சீட்டுகளைக் கவிழ்த்தார். அக்கா உடனே தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினார். இரண்டு, ஐந்து, ஒன்பது. ஒன்றோடொன்று ஒட்டாத உதிரிகள். ஜெயித்தவர் சீட்டைக் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காட்டாவிட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது.

"ரெண்டு ராஜாவ வெச்சிகினு பயந்துகினியேமே! உன்ன நம்பி வந்தானுங்க பாரு, அவனுங்கள சொல்லணும்."

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அக்காவின் ஒற்றை அறை வீடு. வாசலை ஒட்டித் தையல் மிஷின். மதியம் ஒன்று முதல் மூன்று வரை மிஷின் ஓய்ந்திருக்கும், மூணு சீட்டு நடக்கும். பக்கத்து வீட்டு ஹெப்சிபாவும், விடியுமுன் காசிமேட்டில் மீன் விற்று முடித்துவிடும் ஞானபாக்கியமும் வருவார்கள். பணம் கிடையாது, பொத்தான்தான். சட்டைப் பொத்தானுக்கு மதிப்பு ஒன்று, கோட்டுப் பொத்தானுக்கு ஐந்து. சனிக்கிழமை யாரிடம் பொத்தான் குறைவோ, அவர் அடுத்த வாரம் தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் மற்ற இருவரின் குடங்களையும் பிடித்துச் சுமந்து வந்து வைக்க வேண்டும். ஃப்ளோரன்ஸ் அக்கா குடம் தூக்கி மூன்று வருடமாகிறது.

வெளிநாடுகளில் போக்கர் மேசைகளைப் பார்த்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாமல் ஆடுவார்கள். எப்போது உதார் விடலாம், எப்போது ஒதுங்கலாம் என்பதற்குச் சதவீதம் போட்டுத் தடித்தடியாய்ப் புத்தகங்கள் உண்டு. அக்காவின் சூத்திரம் அதைவிடச் சின்னது.

"அவ கைல இன்னா சீட்டு கீதுன்னு பாக்காத. அவ வூட்ல இன்னிக்கி இன்னா நடந்துச்சுன்னு பாரு. புருஷங்கிட்ட திட்டு வாங்கிகினு வந்தவ கவுத்துருவா. புருஷன திட்டிட்டு வந்தவ கவுக்க மாட்டா. அவ்ளோதான் மேட்டரு."

"நீங்க எப்பக்கா கவுப்பீங்க?"

"என்னிய பொட்டில வெச்சி மூடுவாங்க இல்ல, அப்ப."

சீட்டு முடிந்தாலும் உதார் முடிவதில்லை. இன்னும் வெட்டவே வெட்டாத துணியைக் கேட்டு வருபவரிடம், "நேத்தே ரெடிம்மா, ஊக்கு மட்டும்தான் பாக்கி" என்பார். வாடகையை ஏற்ற வந்த வீட்டுக்காரரிடம், "எனக்கு மேலெடத்துல ஆளு கீது" என்பார். மேலே ஓடுதான் இருந்தது. எல்லாம் செல்லுபடியானது, ஈஸ்டருக்கு முந்திய இந்தத் தவக்காலம் வரை.

ஒவ்வொரு வருடமும் பங்குக் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைப்பது அக்காதான். இந்த முறை முப்பத்தாறு பேர். அந்தக் கூலியில்தான் அவருடைய நான்கு மாத அரிசியும் வாடகையும் ஓடும். யானைக்கவுனி மொத்த வியாபாரி ஒருவர் ஆயத்தக் கவுன்களை மூன்றில் ஒரு பங்கு குறைவாகத் தருவதாகச் சொல்லவே, புதிதாக வந்திருந்த தாமஸ் ஃபாதர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். "கொஞ்சம் குறைச்சுக்க முடியுமாக்கா?" என்று தயங்கித்தான் கேட்டார்.

குறைத்திருக்கலாம். அக்கா கோட்டுப் பொத்தானைத் தள்ளினார்.

"மணலி புதுநகர்லேந்து ஸ்கூல் யூனிஃபார்ம் நூத்தம்பது வந்துகீது ஃபாதர். மூச்சு வுட நேரமில்ல. நீங்க அவுங்களுக்கே குட்துடுங்க."

மணலி புதுநகரிலிருந்து ஒரு கைக்குட்டைகூட வந்திருக்கவில்லை. ஃபாதர் பதறிப்போய், கேட்ட கூலிக்கே கெஞ்சுவார் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. வீட்டில் திட்டு வாங்கவோ திட்டவோ ஆளில்லாத ஒரு மனிதரின் கையை எப்படிப் படிப்பது என்று அக்கா யோசித்ததே இல்லை. ஃபாதர் அப்படியே நம்பிவிட்டார். "நூத்தம்பதா! ஆண்டவருக்கு நன்றிக்கா" என்று கண்கலங்கினார்.

அதோடு விட்டாரா? ஞாயிறு பூசை முடிவில் மைக்கைப் பிடித்தார். "நம் ஃப்ளோரன்ஸ் அக்காவுக்கு இறைவன் பெரிய வேலை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். ஈஸ்டர் ஜாக்கெட், பாவாடை என்று யாரும் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்." கோயிலே கைதட்டியது. அக்கா எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார்.

மறுநாள், கொடுத்திருந்த எட்டு ஜாக்கெட் துணிகளையும் நல்ல மனதோடு திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஹெப்சிபா மதிய ஆட்டத்தையும் நிறுத்தினார், வேலை கெடக் கூடாதாம். ஃபாதரிடம் போய் உண்மையைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அக்கா சொல்லவில்லை. ஊசியில் நூல் கோக்காமல், அடியில் துணி வைக்காமல், காலை ஒன்பதிலிருந்து மிஷினை வெறுமனே மிதிக்க ஆரம்பித்தார். கடகடவென்ற சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. "பாவம், ஒண்டியா எப்டிதான் தைக்கிதோ" என்றது சந்து. நான் கிழிந்த குர்த்தா ஒன்றைக் கொண்டுபோனபோது, வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டார். "வெச்சிட்டுப் போ. யாராண்டயும் சொல்லிகினு திரியாத." அந்த வாரம் அவர் தைத்த ஒரே துணி அதுதான்.

ஞானபாக்கியம் மட்டும் சங்கரா மீன் குழம்போடு வந்து அறையைச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"யக்கா, நூத்தம்பதுல ஒண்ணக்கூட கண்ல காணோமே?"

"முட்ச்சி முட்ச்சி அனுப்பிகினே கீறேன்."

"மிஷின்ல நூலக் காணோம்."

அக்கா மிதிப்பதை நிறுத்தவில்லை.

"ஃபாதராண்ட போய் சொல்லிட்டு வாயேங்க்கா. அவரு இன்னா கடிச்சா துன்னுவாரு?"

"சொல்லலாம்மே. அப்பால என் பேச்ச எவ நம்புவா? ஒரு தபா கவுத்தேன்னு வெச்சுக்க, உன் கொடத்தயும் அவ கொடத்தயும் சாவற வரிக்கும் நாந்தான் தூக்கணும்."

புதுநன்மைக்குப் பத்து நாள் இருந்தபோது தாமஸ் ஃபாதரே ஸ்கூட்டரில் ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மேலே இருந்த கவுனை எடுத்து மிஷின் மேல் போட்டார். கழுத்து ஒரு பிள்ளை முழுதாக நுழையும் அகலம். அக்குள் ஒரு சுண்டைக்காய்கூட நுழையாத இறுக்கம். முப்பத்தாறும் அப்படித்தானாம். மொத்த வியாபாரி ஃபோனை எடுப்பதில்லையாம்.

அக்காவின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. ஹெப்சிபா தன் வாசலுக்கு வந்து நின்றார். எதிர் வீட்டிலிருந்தும் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"எல்லாத்தையும் பிரிச்சுத் தைக்கணும்க்கா. கேட்கிற கூலியைக் கொடுத்துடலாம்" என்றார் ஃபாதர். அக்கா வாய் திறப்பதற்குள் அவசரமாகக் கையை உயர்த்தினார். "ஐயோ, உங்களைக் கேட்க வரலை. உங்களுக்கு நேரமே இல்லைன்னு எனக்குத் தெரியாதா? வேற நல்ல டெய்லர் யாராவது இருந்தா சொல்லுங்க, அதுக்குத்தான் வந்தேன்."

ஃப்ளோரன்ஸ் அக்கா ஃபாதரின் முகத்தைப் பார்த்தார். ஹெப்சிபாவைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மூலக்கொத்தளத்துல ரகுபதின்னு ஒர்த்தரு கீறாரு ஃபாதர். சோக்கா தைப்பாரு. எழுதிக்கங்க."

ஃபாதர் பேனாவைத் தேடினார். தெருப் பெயரையும், அதற்கப்புறம் திரும்ப வேண்டிய சந்தையும், சந்து முனையிலிருக்கும் பால் பூத்தையும் அக்கா நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டே போனார். அதற்குள் அவருடைய விரல்கள் கவுனை உள்பக்கமாகப் புரட்டி, பிளேடு முனையால் ஒரு பக்கத்து அக்குள் தையல் முழுவதையும் பிரித்து முடித்திருந்தன.