இருட்டறைக் கதவு

1965 மே 17, திங்கட்கிழமை. எட்டரை மணிக்குக் கல்லூரி ஆய்வகத்தைத் திறந்து, எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து, புட்டிகளைத் துடைத்து அடுக்கினேன்.

அந்தக் கோடை விடுமுறையில் ஒருவர் மட்டும் அங்கே டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்தார். புற ஊதா விளக்கால் கண்ணாடித் தட்டுகளிலுள்ள பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தி, அது இருட்டில் தன்னைச் சரிசெய்துகொள்கிறதா என்று பார்ப்பார். ஒட்டிய கன்னம், முழங்கை கிழிந்த சட்டை. உள்ளே ஆளில்லை என்று தெரிந்தும், இருட்டறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவார்.

அன்று காப்பி குடித்துவிட்டு வந்தவர் இருட்டறை வாசலிலேயே நின்றார்.

“அண்ணே, இந்த ஜன்னலயும் தொறந்துட்டீங்களா?”

அதை மட்டும் திறக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். கைப்பழக்கத்தில் திறந்துவிட்டேன்.

“கெட்டுப்போச்சா தம்பி?”

“கெடலண்ணே. வெளிச்சம் பட்டா ஒடஞ்சத சுளுவா ஒட்டிக்கிரும். இனி எல்லாம் பொழச்சிரும், நாந்தான் பொழைக்கணும்.” சிரித்தார். “இருட்டுக் கணக்குக்கு இதான் கடைசித் தட்டுக. நாளைக்கு ரயிலு.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் தட்டுகளைக் கழுவத் தொடங்கினார்.

ஐந்து மணிக்குச் சாவியை எடுத்தேன்.

“செத்த நேரம் பேசிக்கிட்டு இருந்துட்டுப் போங்கண்ணே. ஒரு மாசமா யாருகூடயும் பேசல.”

“பூட்டுற நேரம் தம்பி” என்றேன். வீட்டில் எனக்கு அவசர வேலை எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் காலை, அவர் ராத்திரியே புறப்பட்டுவிட்டதாகக் காவலாளி சொன்னார். உள்ளே போய் முதல் வேலையாக இருட்டறைக் கதவைத் தட்டினேன்.