வாசலில் நின்ற வெள்ளை வான்

போர் உச்சத்தில் இருந்த காலம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தபடி, கோட்டையில் ஓர் ஆடை ஏற்றுமதிக் கம்பனியில் கப்பல் பத்திரங்கள் தயாரிக்கும் வேலை பார்த்தேன். ஓடர் குறைந்துவிட்டதென்று ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பகுதியில் இருந்த நான்கு பேரையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். சம்பளம் போனதைவிட, கம்பனி அடையாள அட்டையைத் திருப்பி வாங்கியதுதான் பெரிய இழப்பு. யாழ்ப்பாணத்து முகவரிக்காரிக்கு, கொழும்பில் ஏன் இருக்கிறாய் என்ற சோதனைச்சாவடிக் கேள்விக்கு அந்த அட்டைதான் பதில். அது இல்லாமல் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அறையை விட்டுவிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான்.

பயத்தில் நான் வீட்டை விட்டு இறங்கவே இல்லை. புதன்கிழமை காலை எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. அந்த நாட்களில் வெள்ளை வான் என்றால் ஆளைத் தூக்கத்தான் வரும். அதிலிருந்து இறங்கியவர் என் பெயரைச் சொல்லி விசாரிக்கிறாராம்! வீட்டுக்கார அன்ரி அகப்பையும் கையுமாக மாடிக்கு ஓடிவந்தார்.

"பிள்ளை, பின்பக்கத்தால ஓடு! நான் கதைச்சு மறிக்கிறன்."

வீட்டுச் சட்டையோடு மதிலேறிக் குதித்தேன். பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண் ஒரு கேள்வியும் கேட்காமல் என்னை அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார். ஜன்னல் இடுக்கால் எட்டிப் பார்த்தால், எங்கள் கம்பனியின் சிங்களச் சாரதி! அன்ரியின் அகப்பைக்கு எட்டாத தூரத்தில் நின்று, என் அடையாள அட்டையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"பயவெண்ட எபா நங்கி! பயப்பட வேணாம் தங்கச்சி! வேலைக்கு வரட்டாம். இந்த வீட்டுப் போன் வேலை செய்யல்லதானே, அதான் வாடகை வானில வந்த!"

அடுத்த நாள் கப்பலாம். வெறும் டைப் வேலைதானே என்று எங்களை அனுப்பியவர்களுக்கு ஒரு பத்திரமும் சரிவரவில்லை. பெட்டிகள் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தன. அட்டையைக் கழுத்தில் மாட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், என்னோடு வேலை போன மற்ற மூன்று பேரின் நினைவு, வான் காலிமுகத்திடலைத் தாண்டிய பிறகுதான் வந்தது.

நேரே மனேஜர் முன் போய் நின்றேன். "சேர், ஒவ்வொரு பத்திரமும் நாலு மேசை தாண்டித்தான் முடியும். எனக்குத் தெரிஞ்சது கால்வாசிதான்" என்றேன். அது பொய்யில்லை. அவர் ஃபைல் குவியலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அப்ப எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ!"

மற்ற மூவரும் இருந்த கொட்டாஞ்சேனைக்கு அதே வான் புறப்பட்டது. அங்கேயும் யாரும் மதிலேறிக் குதிக்கக் கூடாதென்று நான் முன் சீட்டில் ஏறி, ஜன்னலால் அரை உடம்பை வெளியே நீட்டி, ஒழுங்கை முழுக்கக் கத்திக்கொண்டே போனேன்.

"நான்தான்! பயப்படாதையுங்கோ! வேலை திரும்பக் கிடைச்சிட்டுது!"

பின்னேரம் நான்கு மேசைகளிலும் ஆள் இருந்தது. மறுநாள் கப்பலும் பெட்டிகளோடு போனது.

ஆட்குறைப்பு என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் அந்தக் கூத்து நினைவுக்கு வந்து சிரித்துவிடுவேன். ஆனால் வெள்ளை வானில் போன எத்தனையோ பேர் இன்னும் வீடு திரும்பவில்லை என்று நினைத்ததும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.