அரசிக்கு மாற்று ஆள்

நேற்று இடைவேளையில் ஆசிரியர் அறைக் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசிக்கு ஒரு போஸ்டர் வந்தது. நான் படித்த பல்கலைக்கழகத்தின் நாடகத்துறை அடுத்த தவணையில் மேடையேற்றப்போகும் நாடகங்களின் விளம்பரம். நான்கு நாடகங்கள், இரண்டு இசைநாடகங்கள். மற்றவற்றை நான் ஒழுங்காக வாசிக்கக்கூட இல்லை. கண் நேரே கடைசி இசைநாடகத்துக்குப் போனது. இடம் பேசாலை. நெறியாள்கை என் மச்சாள். இரண்டு விரலால் அவளுடைய பெயரைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சிறிதாக்கினேன், திரும்பவும் பெரிதாக்கினேன். தேநீர் ஆறிப்போயிற்று. பக்கத்தில் இருந்த கணித ஆசிரியை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ஆரும் செத்துப்போயிட்டினமோ?" என்று கேட்டார். "இல்லை, எங்கட சொந்தக்காரி ஒருத்தி நல்லாயிருக்கிறாள்" என்றேன்.

மச்சாள் என் மாமியின் மகள். எனக்கும் அவளுக்கும் சில மாதம்தான் வித்தியாசம். மாமா மன்னார்த் தீவின் பேசாலைக் கரையில் மீன் ஏலம் கூறுபவர். சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பக்கத்தில் நின்று விலை கூவிப் பழகிய தொண்டை அவளுடையது. எங்கள் வீடு தாழ்வுபாடு என்ற ஊரில். அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், எங்கள் வீட்டில் ரேடியோகூட முணுமுணுக்கத்தான் செய்யும். இருவரும் ஒரே ஆண்டில் நாடகத்துறைக்கு எடுபட்டோம். மழையில்லாத நாட்டின் அரசியைப் பற்றி எங்கள் விரிவுரையாளர் ஒரு நாடகம் எழுதினார். அரசி அவள், மாற்று ஆள் நான். மாற்று ஆள் என்றால், ஒவ்வொரு ஒத்திகையிலும் சுவரோரம் இருந்து அரசியின் வசனம் முழுவதையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அரசிக்கு ஏதும் வந்தால் மட்டும் எழும்ப வேண்டும். அந்த அரசிக்கோ ஒன்றும் வராது. மழையில் நனைவாள், ஐஸ்பழம் தின்பாள், ஒரு தும்மல்கூட இருக்காது. பொறுக்க முடியாமல் லீவில் ஊருக்கு வந்தபோது அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினேன். அவளுக்குக் காய்ச்சல் வேண்டாம், தொண்டை மட்டும் அடைத்தால் போதும். அவ்வளவு கவனமாகத்தான் கேட்டேன்.

அந்தோனியார் நேரம் பார்த்துத்தான் கொடுத்தார். நாடகம் பேசாலைக்கு வந்தது, சோளகக் காற்று அடித்து வீசுகிற மாதத்தில். பின்னணியில் கடல் தெரிய வேண்டும் என்று விரிவுரையாளர் மேடையைக் கரையோரம் போடுவித்தார். மைக் வைத்தால் நடிப்புச் செத்துப்போகும் என்பது அவருடைய கொள்கை. முதல்நாள் ஒத்திகையில் அந்தக் காற்றை எதிர்த்துக் கத்திக் கத்தி மச்சாளின் தொண்டை அடைத்துப்போயிற்று. மறுநாள் அவள் தன் கையாலேயே எனக்குக் கிரீடத்தைக் கட்டி, ஊசி குத்தி, கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். மூஞ்சியில் ஒரு சிணுக்கமாவது இருக்க வேண்டுமே, இல்லை! அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

மேடையில் ஏறி முதல் வசனத்தைச் சொன்னேன். சோளகம் அதை என் வாயிலிருந்து பிடுங்கிக் கடலுக்குள் எறிந்தது. "பிள்ளை, ஒண்டும் கேக்கேல்ல!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அடுத்த வசனத்துக்குப் பாதிச் சனமும் கத்தியது. பொழுது படும் நேரம், என் அப்பா அம்மா முன்வரிசையில், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது மச்சாள் சனத்துக்குள் போவது தெரிந்தது. குரல் இல்லாதவள், கையைக் கும்பிட்டு, பங்குச் சுவாமியாரை எழுப்பி, அவருடைய கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றிக் கடல் பக்கம் நடந்தாள். சுவாமியார் பின்னால் போனார். சுவாமியார் எழும்பினால் பேசாலை இருக்குமோ? பாயும் பிள்ளைகளுமாக ஊரே எழும்பிப் போய்க் கடலுக்கு முதுகு காட்டி இருந்தது. நான் மறுபக்கம் திரும்பி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். இந்தமுறை காற்றே என் குரலைக் கொண்டுபோய் ஒவ்வொருவர் காதிலும் வைத்தது. அன்றைக்கு நான் நடித்ததுபோல் அதற்குப் பிறகு நடித்ததில்லை. சனம் மூக்கைச் சிந்தி அழுதது.

நாடகம் முடிந்து கிரீடத்தோடு கீழே இறங்கினேன். ஊர் முழுக்கக் கேட்டது ஒரே கேள்வி: "அந்தக் கதிரை தூக்கின பிள்ளை ஆர்?" விரிவுரையாளர் அவளுடைய தோளைப் பிடித்து, "இவளுக்கு நெறியாளர் மூளை" என்றார். அடுத்த ஆண்டு நாடகம் அவள் கைக்குப் போனது. பிறகு அதே துறையில் விரிவுரையாளர் ஆனாள். நான் மன்னாருக்குத் திரும்பி வந்து நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். என் வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்த ஒரே ஒரு மாலை, அதையும் வாய் பேசாமல் கொண்டுபோய்விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. அதை மறைத்து என்ன காணப்போகிறேன்?

நேற்றுப் பின்னேரம் அவளே தொலைபேசி எடுத்தாள்.

"போஸ்டர் பாத்தனியோ?"

"ஓம், பாத்தன். வடிவான எழுத்து."

"எங்கட அரசி நாடகம்தான். பாட்டுப் போட்டிருக்கிறன். அரசிக்கு நாப்பத்தைஞ்சு வயதெண்டு மாத்திப்போட்டன். நீதான் செய்யோணும்."

நெஞ்சு துள்ளியது. ஆனால் நாக்கு என்னுடையதல்லவா! "ஏன், உன்ர பிள்ளையளுக்குள்ள ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" என்றேன்.

"உன்ர குரல் ஒருத்தரிட்டையும் இல்லையடி. அண்டைக்கு நான் சும்மாவே கதிரை தூக்கினனான்? எனக்கும் கேக்கோணும் போல கிடந்தது."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன். "எனக்கு மாற்று ஆள் ஆர்?"

"வேற ஆர்? நான்தான். எல்லா வசனமும் இப்பவும் பாடம்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். இன்று இடைவேளையில் அதே கதிரையில் இருந்து போஸ்டரைத் திறந்து, பெயர் போட இடம் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்கிறேன். குடிப்பது தேநீர் இல்லை, கொத்தமல்லி அவித்த தண்ணீர். வெளியே சோளகம் தொடங்கிவிட்டது, கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டிருக்கிறேன். சுவரோரம் இருந்து அரசியின் வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பவள் மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியாதா? மச்சாள் ஊருக்கு வந்தால் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துகிறாளா என்று மாமியிடம் ஒருக்கால் விசாரிக்க வேண்டும்.