அஞ்சலையின் இறால் வலை

1976 மார்ச் 9, காலை பத்தே கால். அகழாய்வு முகாமில் இன்னும் சலிக்காத மண்மூட்டை முப்பத்தேழு. அப்போதுதான் செய்தி வந்தது. மஞ்சள் காமாலையில் கிடந்த அஞ்சலை விடியற்காலை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். இன்று மாலை அடக்கம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கழிவெளி என்ற உப்பங்கழி ஓரம், எழுத்து தோன்றுமுன் வாழ்ந்தவர்களின் குப்பைமேட்டைத் தோண்டுகிறோம். அந்த மண்ணைச் சலிக்க மீனவர் குப்பத்திலிருந்து வந்தவர் அவர். என் வயதுதான், இருபத்தேழு. அவருடன் வேலை செய்த முகாம் நண்பர்களே, உங்களுக்கு இதெல்லாம் தெரியும். நான் செய்த தவறு முழுவதும் தெரியாது.

எனக்குக் கிடைத்தவை சிப்பியும் பெரிய மீன் முள்ளும் மட்டுமே. "சிறுமீன் உண்ணவில்லை. மழைக்காலத் தடயம் எதுவும் இல்லை; கோடையில் வந்து, மழைக்கு முன் வெளியேறினர்" என்று எழுதி, பெருமையாக வாசித்தும் காட்டினேன். அஞ்சலை சிரித்தார்.

"இன்னா சாரு, அவங்க துன்னலியா? உன் சல்லடையில கீற ஓட்டையில நெத்திலி குடும்பத்தோட பூந்து போவும்!"

"படித்துவிட்டு வந்து பேசு" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

"நீ படிச்சிகினு இரு. நான் வலை கொண்டாரேன்."

மறுநாள் பழைய இறால் வலையை இரண்டாக மடித்து வாளி வாயில் கட்டினார். நான் கழித்துப்போட்ட அதே மண்ணை அள்ளிக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். மயிரிழை போல முட்கள், ஒரு டீ கிளாஸ் நிறைய.

"மடவை மீன் குஞ்சு சாரு. மழை பேஞ்சு முகத்துவாரத்து மணல் ஒடைஞ்சாத்தான் கழிக்குள்ள ஏறும். மழைக்கு ஓடிட்டானுங்கன்னியே, அப்ப இத்த யாரு துன்னது, உங்க நைனாவா?"

முகாமே சிரித்தது. அவர் வீட்டு மடவைக் குஞ்சுக் கருவாட்டை வேகவைத்து, முள்ளெடுத்து, லென்ஸில் ஒப்பிட்டேன். பொருந்தியது.

ஆனால் என் அறிக்கை அதற்குள் சென்னைக்கு, அச்சுக்குப் போயிருந்தது. திருப்பிக் கேட்டால் மேலதிகாரியிடம் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். தள்ளிப்போட்டேன். அஞ்சலையோ தினமும் கேட்டார். கண் மஞ்சளாகி வீட்டுக்குப் போன அன்றும் கேட்டார்: "அந்தத் தாள மாத்திட்டியா?"

"நாளைக்கு."

"உன் நாளைக்கு எந்தக் கிழம சாரு?"

அந்த அறிக்கை நாளை அச்சேறுகிறது.

ஒன்று கிடைக்கவில்லை என்றால், அது இல்லை என்று எழுதுமுன் என் சல்லடையைப் பார்க்க வேண்டும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது. உட்கார்ந்து அழ எனக்கு வரவில்லை. ஆகவே:

1. பதினொன்றரை பஸ்ஸில் சென்னை போகிறேன். அடக்கத்துக்கு இருக்க முடியாது. நீங்கள் போங்கள்.

2. அச்சை நிறுத்தி, "மழையிலும் இங்கேயே வாழ்ந்தனர்" என்று மாற்றுவேன்.

3. கண்டறிந்தவர் அஞ்சலை என்று போடுவேன். 'கூலியாள் ஒருவர்' என்று யாராவது திருத்தினால் என் பெயரையும் எடுத்துவிடச் சொல்வேன்.

4. திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போவேன். ஏன் வரவில்லை என்று அவர் அம்மா கேட்பார். மாற்றிய அந்தத் தாளை அவருக்குப் படித்துக் காட்டுவேன்.