வலது பக்கம் திரும்பிய கப்பல்

பதுளை–பசறை பாதையில் இருபத்தாறு வருஷமாக பஸ் ஓட்டுகிறேன். வளைவில் எதிரே வண்டி வந்தால் இடது பக்கம் ஒடிக்க வேண்டும். அது என் கைக்கே தெரியும், யோசிக்க வேண்டியதில்லை.

மகன் சரக்குக் கப்பலில் சுக்கான் பிடிக்கிறவன். போன வருஷம் அவன் கப்பலும் இன்னொரு கப்பலும் மோதிக்கொண்டன. எல்லோரும் உயிரோடு இருப்பதாகவும், மோதும்போது சுக்கானில் நின்றது அவன்தான் என்றும் கம்பனியிலிருந்து செய்தி வந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள் சத்தமே இல்லை. விசாரணை நடக்கிறதாம்.

கப்பல் போகும் தடத்தைப் போனில் பார்க்க அவன் முன்பே காட்டித் தந்திருந்தான். நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் சிக்னல் இழுக்காது. அதனால் பசறையில் பஸ்ஸை நிறுத்தியதும் சீட்டிலேயே உட்கார்ந்து பார்ப்பேன். இரண்டு கோடுகள் நேருக்கு நேர் வருகின்றன. கோட்டிலுள்ள புள்ளியைத் தொட்டால் நேரம், வேகம், திசை எல்லாம் வரும். கடைசி சில நிமிஷம் வரைக்கும் இரண்டும் நேராகத்தான் வருகின்றன. பிறகு மகனின் கப்பல் தன் வலது பக்கம் திரும்புகிறது. மற்றது தன் இடது பக்கம். அடுத்த புள்ளியில் இரண்டுக்கும் வேகம் விழுந்துவிடுகிறது.

தப்பான பக்கம் ஒடித்தவன் என் பிள்ளை! எத்தனை தடவை பார்த்தாலும் அதுதான் தெரிந்தது. அந்நிய நாட்டு ஜெயிலில் போட்டுவிடுவார்களோ என்று பயந்தே செத்தேன்.

“நம்ம புள்ள மேல தப்பு இருக்காதுங்க” என்றாள் மனைவி. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலை, அவன் பேருக்கு அர்ச்சனை செய்ய அவளும் என் பஸ்ஸில் பதுளைக்கு வந்தாள். ஸ்டாண்டில் நிறுத்தும்போதே போன் அடித்தது. மகன்தான்.

“ஏன்டா வலது பக்கம் ஒடிச்ச?” என்று எடுத்த எடுப்பிலேயே கத்தினேன்.

“கடல்ல நேருக்கு நேர் வந்தா ரெண்டு பேருமே வலது பக்கந்தான்பா திருப்பணும். கேப்டன் சொன்னாரு, திருப்புனேன். அவங்கதான் மாறி வந்துட்டாங்க. விசாரிச்சவங்களே என் மேல தப்பில்லன்னுட்டாங்க.”

அப்பாடா என்று சீட்டில் சாய்ந்தேன். மனைவி போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அடி கிடி பட்டுச்சா சாமி?”

“கை எலும்பு முறிஞ்சிருச்சும்மா. ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.