பாக்கெட் துணி நட்சத்திரங்கள்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து வருத்தப்பட வேண்டியிருக்காது. போன வாரம் ஜொகூர் பாருவில் ஒரு பெரிய கடையில், கிறிஸ்மஸ் மரத்தில் தொங்கவிடும் துணி நட்சத்திரம் ஒன்றை எடுத்துத் தக்காளியை அமுக்குவதுபோல் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பஞ்சு.

"அங்கிள், அது சாப்பிடறது இல்ல லா" என்றாள் கடைப்பெண்.

அவளுக்கு என்ன தெரியும்? நான் தைத்த நட்சத்திரங்களுக்குள் இருந்தது சாப்பிடுகிற சாமான்தான்.

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலம். பாலோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். எனக்குப் பத்தொன்பது வயது, தோட்ட ஆபீசில் சின்னக் கிராணி, கணக்கெழுதும் வேலை. ஆபீஸ் மூடிக் கிடந்தது. எழுத ஒன்றுமில்லாத கிராணியைப்போல வீண் ஜீவன் உலகத்தில் கிடையாது; கோழியாவது முட்டை போடும். அண்ணனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதம். வீட்டில் அண்ணி, ஆறு வயது மகள் ரோஸி, நான். மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு.

டிசம்பர் வந்ததும் ரோஸி கேட்டாள்: "சித்தப்பா, மரம் வைக்கலன்னா, அப்பா வரும்போது நம்ம வீடு எதுன்னு தெரியாதே?"

நான் படித்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. ஒரு ரப்பர் கன்றை வெட்டி வந்து மண்ணெண்ணெய்த் தகர டப்பாவில் நட்டேன். அலங்காரத்துக்குத் துணி வேண்டுமே! சனங்கள் சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்த நேரம். யோசித்துப் பார்த்தேன். பாக்கெட்டில் போட ஒன்றுமில்லாத காலத்தில் பாக்கெட் எதற்கு? என் மூன்று கால்சட்டைகளின் பாக்கெட்டுகளையும் அறுத்தெடுத்தேன். போதாததற்குக் கிழிந்த குடைத்துணி. நூல், அண்ணி அன்னாசி இலையைச் சுரண்டி எடுத்த நார். பன்னிரண்டு நட்சத்திரங்கள். என் இரண்டு தையல்களுக்கு நடுவே எறும்புக் குடும்பம் ஒன்று தாராளமாகக் குடியிருக்கலாம்.

ஆனால் தொங்கவிட்டால் காயப்போட்ட கோவணம் மாதிரி துவண்டன. கனமாக உள்ளே ஏதாவது வைக்க வேண்டும். அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் ஒரு சிறு மூட்டை. அவிழ்த்தால், காய்ந்த பயறு. இத்தனை பசியிலும் அண்ணி சமைக்காமல் விட்டிருக்கிறார் என்றால் அது கெட்டுப்போனதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். படித்த மூளை இப்படித்தான் வேலை செய்யும். முனைக்கு ஒன்றாக ஐந்து பயறு, நடுவில் கந்தல். நட்சத்திரம் விறைப்பாக நின்றது.

"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று அண்ணி சிரித்தார். எட்டு மாதத்தில் அன்றுதான் அவர் பல்லைப் பார்த்தேன்.

பிறகு விடாத மழை. எங்கள் கூரை, மரம் வைத்த மூலையாகப் பார்த்து ஒழுகியது. கிறிஸ்மஸ் காலையில் ரோஸி கத்தினாள்: "சித்தப்பா! நட்சத்திரத்துக்கு வால் மொளச்சிருச்சு!"

என் தாராளத் தையல்களின் வழியே வெள்ளை வெள்ளையாக முளைகள் எட்டிப் பார்த்தன. அண்ணி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"தம்பி, மேல கட்டியிருந்த மூட்ட எங்க?"

"கெட்டுப்போன பயறுன்னு நெனச்சேன், அண்ணி."

"அலமாக்! அது வெதங்க!"

காஹாங் ஊர்ப் பக்கத்து மலாய்க்காரம்மா ஒருவரிடம் தன் கல்யாணச் சேலையைக் கொடுத்து அண்ணி வாங்கிய பயற்றங்காய் விதை. மழை விட்டதும் நட்டால் இரண்டு மாதத்தில் காய். காயைக் கொடுத்தால் கடையில் கொஞ்சம் அரிசி கிடைக்கும். ரோஸி சோற்றின் ருசியையே மறந்துகொண்டிருந்தாள். வீட்டில் வேறு விதை இல்லை.

விதைகளையாவது மீட்கலாம் என்று கத்திரியை எடுத்தேன். வேர் துணியில் பின்னிக்கொண்டிருந்தது. இழுத்தால் முளை ஒடியப் பார்த்தது. அண்ணி கத்திரியைப் பிடுங்கிக்கொண்டார்.

"துணியோடயே நட்டுடுங்க. துணி மக்கிடும்."

மரம் மொட்டையாகப் போகிறதே என்று ரோஸி அழுவாள் என நினைத்தேன். அவளோ, "அப்பா வர்ற பாதையில நடலாம்" என்றாள். கொட்டும் மழையில், பாக்கெட் இல்லாத கால்சட்டையோடு, நட்சத்திரங்களை மண்ணுக்குள் புதைத்தேன். குழிக்கு ஐந்தாகக் கூட்டம் கூட்டமாகக் கொடி எழுந்தது. மார்ச் மாதம் ரோஸி சோறு சாப்பிட்டாள். அரைத் தட்டுதான், ஆனால் விரல் விரலாக நக்கினாள்.

போர் முடிந்து அண்ணன் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். அந்தக் கொடிகளின் பேரப்பிள்ளைகள் பாதையோரம் நின்றன. நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

இன்று அங்கே அந்தப் பாதை இல்லை, தொழிலாளர் லயன் வீடுகள் இல்லை, ரப்பரும் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை எண்ணெய்ப் பனை. அண்ணனும் போய்விட்டார். அண்ணிக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. கடையிலிருந்து வந்ததும் போன் போட்டு, "அண்ணி, அன்னைக்கு நான் நட்டது அத்தனையும் மொளச்சுதே, ஞாபகம் இருக்கா?" என்று பெருமையடித்தேன்.

"அறுபதுல ரெண்டு மொளைக்கல" என்றார்.