வெற்றிலைத் தட்டில் வந்த நோட்டீஸ்

குற்றாலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருடைய மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். ஒரே வளவுக்குள் முன்வீடு அவர்களுக்கு, பின்வீடு எங்களுக்கு. ஐம்பதுகளின் கடைசியில், தலைப்பிள்ளை என் வயிற்றில் இருந்த வருஷம் அது. எனக்குத் தாய் கிடையாது. பிரசவத்துக்குப் போய் இறங்க ஒரு வாசல் கிடையாது. “இங்கனயே பெத்துக்கோட்டி, நான் பாத்துக்கிடுதேன்” என்று மதினி சொன்னதை நம்பித்தான் பயமில்லாமல் சாப்பிட்டேன், தூங்கினேன்.

ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கியிருந்த ஒரு காலையில் மதினி தாம்பாளத்தோடு வந்தாள். வெற்றிலை பாக்கு, பழம், ஒரு முழம் பூ. நிறைமாசத்தை நெருங்குகிறவளுக்கு ஆசையாய் ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்று இரண்டு கையாலும் வாங்கினேன். பூவை அவளே என் தலையில் வைத்துவிட்டாள். அதன் பிறகுதான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“சீசனுக்கு மதுரையில இருந்து ஒரு குடும்பம் வீடு கேட்டிருக்கு. ஆடி பொறக்கதுக்குள்ள ஒழிச்சுக் குடுக்கணும்னு எங்க வீட்டுல அவுக சொல்லுதாக.”

எங்கள் பக்கத்தில் வெற்றிலையைக் கைநீட்டி வாங்கினால் வாக்குக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். கல்யாணம் பேசினாலும் நிலம் பேசினாலும் அதோடு முடிந்தது. எதற்கு என்று கேட்காமல் வாங்கிய என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. தெரிந்தே நீட்டிய அவள் கையையும்தான்.

என் வீட்டுக்காரர் தென்காசியில் வக்கீல் குமாஸ்தா. காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் எத்தனையோ எழுதியவர். சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் முன்வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“மாச வாடகைக்கு இருக்கவனைக் கிளப்பணும்னா எழுத்துல பதினஞ்சு நாள் நோட்டீஸ் குடுக்கணும், அண்ணாச்சி. அது மாசக் கடைசியிலதான் முடியணும். ஜூன்ல இனி நாள் பத்தாது. ஜூலைக் கடைசின்னா ஆடி வந்துரும். ஆடியில யாரு வீடு மாறுவா?”

ஆவணி வரைக்கும் இழுத்துவிட்டால் பிள்ளை கைக்கு வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

வீட்டுச் சொந்தக்காரர் கோபப்படவில்லை. “தம்பி, நோட்டீஸெல்லாம் வேத்தாளுக்கு. உங்க வீட்டுல வெத்தலை வாங்கியாச்சு. பெறவும் மனசு கேக்கலைன்னா கேஸைப் போடுங்க” என்றார்.

மதினி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கேஸ் போட்டால் வீடு கையைவிட்டுப் போகாது, தெரியும். ஆனால் வலி எடுக்கும்போது அந்தக் கதவைத்தானே நான் தட்ட வேண்டும்? கேஸ் போட்டவர் பெண்டாட்டிக்கு அது திறக்குமா? என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். “வாங்க, போவோம்” என்றேன்.

பக்கத்து ஊரான மேலகரத்தில் வீடு தேடினோம். என் வயிற்றைப் பார்த்ததும் இரண்டு வீடுகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டு வாசலில், மறையாது என்று தெரிந்தே, முந்தானையால் மூடிக்கொண்டு நின்றேன். அங்கேதான் இடம் கிடைத்தது. ஆனிக் கடைசியில் சாமான்களை வண்டியில் ஏற்றியபோது சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. மெத்தை, தலையணை எல்லாம் நனைந்தன.

ஆடி நடுவில் மகள் பிறந்தாள். முன்பின் தெரியாத மருத்துவச்சி. பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அன்று முழுக்க மதினியைத்தான் திட்டினேன். வலி பொறுக்காமல் கத்திக் கூப்பிட்டதும் அவளைத்தான்.

சீசன் முடிந்து, ஆவணிக் கடைசியில் மதினி வந்தாள். அதே தாம்பாளம், வெற்றிலை, பழம், பூ. “வீடு சும்மாத்தான் கெடக்கு. வந்துருட்டி. பிள்ளையை நான் வளக்கேன்” என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. சுவரெல்லாம் ஓதம் பிடித்த அந்த மேலகரத்து வீட்டை விட்டு அவள் பின்னாலேயே ஓடிவிட வேண்டும் போலத்தான் இருந்தது.

“அடுத்த சீசனுக்கு?” என்று கேட்டேன்.

அவளுக்குப் பொய் சொல்ல வராது. “சாரல் விழுந்துட்டா அவுக என் பேச்சைக் கேப்பாகளாட்டி?” என்றாள். கேட்பார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட அன்றைக்கே சாமான்களைக் கட்டியிருப்பேன்.

தட்டை நீட்டினாள். மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பி, இரண்டு கையாலும் தூக்கி வைத்துக்கொண்டேன்.